ஐம்பது வருஷத்துத் தோல்

ஆம்பூர்ப் பட்டறையில் ஷரீபா வெட்டிய தோலை யாரும் குறை சொன்னதில்லை, மில் அதிபர் தாமோதரன் வரும்வரை. அவருக்குப் பழங்காலத்து விமானி போட்ட மாதிரி ஒரு ஜாக்கெட் வேண்டுமாம். காலர், பித்தளை ஜிப், உள்பை எல்லாம் பத்து நிமிடத்தில் முடிவானது. தோலில்தான் வம்பு.

ஷரீபா காட்டிய முதல் பழுப்புத் துண்டைத் தரையில் வீசினார். "பளபளன்னு பொம்மைக்குப் போடுற மாதிரி இருக்கு. அம்பது வருஷம் உழைச்ச தோல் வேணும். தொட்டாலே வயசு சொல்லிடுவேன் நான்."

அடுத்தடுத்து இருபது துண்டுகள் பறந்தன. அவர் அவற்றின் மேலேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "மதியத்துக்குள்ள சாருக்குப் பிடிச்சதைக் காட்டு, இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே" என்றார் பட்டறை முதலாளி ஷரீபாவிடம்.

ஷரீபா எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஒரே ஒரு துண்டைத் துடைத்து, எண்ணெய் தடவி, தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள்.

தாமோதரன் தடவினார், முகர்ந்தார், கண்ணை மூடினார். "இதுதான். அம்பது வருஷம் உழைச்ச தோல். ஏன் இவ்வளவு நேரம் ஒளிச்சு வெச்சே?"

"ஒளிக்கல சார். நீங்க முதல்ல வீசின துண்டுதான். காலையிலேர்ந்து உங்க பூட்ஸுக்கு அடியில கிடந்துச்சு."

முதலாளி சிரிப்பை இருமலாக்கினார். ஷரீபா ஆர்டர் சீட்டை எடுத்தாள்.

"ஜாக்கெட் முழுசுக்கும் இன்னும் அஞ்சு தோல் வேணும். விரிச்சுப் போடறேன், கொஞ்சம் நடந்துட்டுப் போங்க சார்."