யாருடைய தேங்காய்?

இந்தக் கதையில் சீடருக்கு அறுபது வயது, குருவுக்கு முப்பத்தாறு.

சீடர் ஆவுடையப்பன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரு ரஹ்மத் நிஷா, நெல்லைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வலிப்பு நோய்க்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர். தன்னைக் குரு என்று அவர் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. மகள் கோமதிக்கு வலிப்பு நின்றதிலிருந்து ஆவுடையப்பன்தான் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சம்பளம் வாங்காமல் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரையும் பார்த்துக்கொண்டார். டாக்டரம்மா நில் என்றால் நிற்பார், நட என்றால் ஓடுவார். அதுதான் அவரிடம் இருந்த ஒரே சிக்கல்.

கோமதிக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளையிடம் தன் நோயைப் பற்றி அவளே சொல்லிவிட்டாள், அவனும் மனதாரச் சரி என்றான். அவன் வீட்டாருக்கு எப்போது, எப்படிச் சொல்வது என்பதை இருவரும் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. ஆவுடையப்பனுக்கு வயிறும் மனமும் நிறைந்திருந்தன.

அந்த நிறைவில் ஒரு காரியம் செய்தார். வலிப்பு வருமுன்பே கண்டுபிடித்து எச்சரிக்கும் செயற்கை நுண்ணறிவு ஒன்றை ஒரு கம்பெனி உருவாக்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்க நோயாளிகளின் விவரங்கள் வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வந்த அத்தனை பேரின் விவரங்களையும் திரட்டி, பெயர்களை மட்டும் நீக்கி, அனுப்பத் தயாராக வைத்தார். வாசல் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை உடைத்து, ஒரு மூடியை டாக்டரின் மேஜையில் கொண்டுவந்து வைத்தார்.

"என் பிள்ளையைக் காப்பாத்துனீங்க. இது என் காணிக்கை. நீங்க சரின்னு சொன்னா இப்பவே அனுப்பிருதேன்."

அப்படி ஒரு மெஷின் வந்தால் எத்தனையோ பேர் கீழே விழாமல் தப்புவார்கள் என்று டாக்டர் சந்தோஷமாகவே சொன்னார். பிறகு கேட்டார்.

"தேங்காய் யாருது, அண்ணாச்சி?"

"நான் வாங்கினதுதான்."

"மேஜையில இருக்கிறதைக் கேக்கல."

டாக்டரின் பார்வை கம்ப்யூட்டர் திரையில் இருந்த பட்டியலில் நின்றது. ஆவுடையப்பன் சிரித்தார். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கிற ஆள் தான் இல்லை என்றார்.

"பேரையெல்லாம் எடுத்துட்டேன், டாக்டரம்மா. இனி இது யாருதும் இல்ல."

டாக்டர் பதில் சொல்வதற்குள் இசக்கியம்மாள் உள்ளே வந்தாள். வீட்டுக்காரருக்கு மாத்திரை தீர்ந்துவிட்டதாம், மருந்துச் சீட்டை வீட்டிலேயே மறந்துவிட்டாளாம். ஆவுடையப்பன் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது அவள் நம்பிக்கை. தலைகீழாக நின்று கேட்டாலும் பெயர் வராது.

"உங்க புதுப் பட்டியல்லயே தேடுங்க, அண்ணாச்சி," என்றார் டாக்டர்.

"அதுல பேரே இல்லையே."

"அந்தம்மாவும் பேரைச் சொல்லலையே."

இசக்கியம்மாள் தானாகவே தொடங்கினாள். "எங்க வீட்டுல அவுக, புளியங்குளத்துல மாவு மில் வச்சிருக்காக. ஆடி மாசம் மில்லுக்குள்ளயே விழுந்து நெத்தியில தையல் போட்டாகளே."

ஆவுடையப்பன் ஊரைத் தட்டினார், தொழிலைத் தட்டினார், நெற்றித் தையலைத் தட்டினார். திரையில் ஒரே ஒரு வரி நின்றது. டாக்டர் அதைச் சரிபார்த்து மாத்திரை கொடுத்தார்.

"பேரைச் சொல்லாமலே ஆளைக் கண்டுபிடிச்சிட்டீகளே. நீங்க நல்லா இருக்கணும்," என்று இசக்கியம்மாள் ஆவுடையப்பனை வாயார வாழ்த்திவிட்டுப் போனாள்.

அந்த வாழ்த்து ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது. யாரும் சொல்லாமலே மறுபடி தட்டினார். இந்தமுறை தன் ஊர், மகளின் வயது, அவள் படித்த காலேஜ். அங்கேயும் ஒரே ஒரு வரி.

அந்த வரியை டாக்டருக்கு விரலால் காட்டினார். "சம்பந்தி வீட்டு ஆள் யாராச்சும் இதைப் பாத்தா, என் பொண்ணு சொல்லுததுக்கு முன்னால இது சொல்லிரும்," என்றார். "அழிச்சிரட்டுமா?"

"எதுக்கு அழிக்கணும்? மெஷினும் நமக்கு வேணும்ல. தேங்காய்க்காரங்களைக் கேளுங்க."

ஆவுடையப்பன் அங்கேயே உட்கார்ந்து கோமதிக்குப் போன் செய்தார். விஷயத்தை ஒளிக்காமல் சொல்லி, உன் விவரத்தைக் கொடுக்கலாமா என்று கேட்டார். சாப்பிட்ட மருந்து, வலிப்பு வந்த நேரம் எல்லாம் கொடுக்கலாம் என்றாள், யாருக்காவது உதவட்டும். ஊரும் காலேஜும் வேண்டாம். காலேஜ் பஸ்ஸில் ஒருமுறை வலிப்பு வந்ததே, அது மட்டும் யாருக்கும் போகக் கூடாது. மகளின் நோயை இத்தனை வருஷம் தான்தான் சுமந்ததாக நினைத்திருந்தவருக்கு, அந்தப் பஸ்ஸை அவள் இன்னும் மறக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

போனை வைக்கும் முன் கோமதி சொன்னாள். "ஆஸ்பத்திரியில எல்லாத்துக்கும் நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க. இன்னைக்குத்தான் என்னைக் கேக்கீங்க. ரொம்ப நன்றிப்பா."

ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கொடுக்கிறது அவ. நன்றியும் அவளே சொல்லுதா, டாக்டரம்மா."

டாக்டர் தேங்காய் மூடியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இசக்கியம்மா இன்னும் பஸ் ஸ்டாப்புலதான் நிப்பாங்க. மில்லுக்காரர் எப்ப வீட்டுல இருப்பார்னு கேட்டுட்டு வாங்க, அண்ணாச்சி. இன்னும் மூவாயிரம் பேர் இருக்காங்க."