நீல விளக்கு நின்ன கதை

ஏட்டி டெல்பின், செவுத்தப் பாத்துப் படுத்தாலும் காது இந்தப் பக்கந்தான இருக்கு? ஒரு கதை சொல்லுதேன், கேளு. நீ ஒண்ணும் பேசாண்டாம், "ம்" மட்டும் கொட்டு. பதினோரு நாளா இந்தப் பெரியம்மாகிட்ட அதத்தானே கொட்டிக்கிட்டுக் கெடக்க. ஒங்கம்மாவோட வருசப் பூசை அன்னைக்குப் பிடிச்ச கோவம், இன்னும் எறங்கல. சரி, இருக்கட்டும். கால நீட்டு, போர்வைய இழுத்து விடுதேன்.

"ம்."

ஆ, அது போதும்.

ஒரு ஊர்ல ஒரு அக்காக்காரியும் ஒரு தங்கச்சிக்காரியும் இருந்தாங்களாம். கடக்கரை ஊரு. அக்காக்காரி வாயத் தொறந்தா வசவுதான் வரும். தங்கச்சிக்காரி வாயத் தொறந்தா, பூசைக்கு வந்து தூங்குத கெழவன் கூட முழிச்சு உக்காருவான். அப்படி ஒரு தொண்டை. கோயில் பாட்டுக்குழுவுல அவதான் மொத ஆளு.

அப்புறம், அவகிட்ட ஒரு பெட்டி இருந்துச்சு. இருவத்தஞ்சு கட்டை, ஆர்மோனியத்துல இருக்குமே அது மாதிரி. ஆனா அந்தப் பெட்டிக்குன்னு சத்தமே கெடையாது பாத்துக்க. நாள் முச்சூடும் அமுக்குனாலும் டக்கு டக்குன்னு கட்டைதான் தட்டும். சத்தமெல்லாம் டேப்புக்குள்ள, அந்தப் பலகை மாதிரிப் பெரிய ஃபோனுக்குள்ள இருக்கும். பெட்டியும் டேப்பும் ப்ளூடூத்துல சேந்தாத்தான் பாட்டு. சேருத வரைக்கும் பெட்டி ஓரத்துல ஒரு நீல விளக்கு மினுக்கு மினுக்குன்னு மினுக்கும், ஆளத் தேடுதுன்னு அர்த்தம். ஆளு கெடச்சிட்டா மினுக்காம ஒரே நெலையா எரியும். இத ஞாபகம் வச்சுக்க, பெறவு வரும்.

"எனக்குத் தெரியும். அது எங்கம்மா பெட்டி."

இது கதைல வர்ற பெட்டிட்டி. கதைல குறுக்க கேள்வி கேட்டா கதை ஓடிப் போயிரும். ம் கொட்டு.

"ம்."

அப்போ, தங்கச்சிக்காரிக்குத் தொண்டைல ஒரு கட்டி வந்துச்சு. ஆப்ரேசன் பண்ணணும், பண்ணுனா கொரலு போயிரும்னு டாக்டரு சொல்லிட்டாவ. அவ அழலட்டி. அழுததெல்லாம் அக்காக்காரிதான். தங்கச்சிக்காரி என்ன செஞ்சா தெரியுமா? அடுக்களைக் கதவப் பூட்டிக்கிட்டு, ஃபேன நிப்பாட்டிட்டு, ஒவ்வொரு கட்டைக்கும் ஒவ்வொரு "ஆ"ன்னு பாடி டேப்புல பிடிச்சா. ஆ... ஆ... ஆ... மூணு நாளு. வெளிய காக்கா கத்தாம வெரட்டுத வேலை அக்காக்காரிக்கு. கம்ப வச்சுக்கிட்டு, சூ சூ, போ சனியனேன்னு நின்னா.

இருவத்துநாலு கட்டைக்கு நல்லாப் பாடிட்டா. கடைசிக் கட்டை ரொம்ப ஒசரம். தொண்டை ஒத்துக்கல. லொக்கு லொக்குன்னு இருமல் வந்துட்டு, அதுவும் அப்படியே பதிஞ்சு போச்சு. அழிச்சிட்டு வேற பாடுட்டின்னு அக்காக்காரி சொன்னா. அதுக்கு அவ, "இருக்கட்டுக்கா, இனிமே என்னத்தப் பாட"ன்னுட்டா. அப்புறம் ஏழு வயசு மகளக் கூப்புட்டு, "இந்தக் கட்டைய அமுக்குனா அம்மா பாடுவேன், எப்ப வேணும்னாலும் பாடுவேன்"னு சொல்லிக் காட்டுனா. அந்தப் புள்ள கடைசிக் கட்டையவே திரும்பத் திரும்ப அமுக்கிச் சிரிச்சிச்சு.

"ம்."

அப்புறம் ஆஸ்பத்திரி. அங்கன டேப்பக் கொண்டு போனா களவு போயிரும்னு, பாடுனதையெல்லாம் தன் ஃபோன்லயும் ஏத்தி, பெட்டிய அதோட சேத்துக்கிட்டா. கொரலு போன பெறகும் கட்டில்ல படுத்துக்கிட்டு, ஒத்தை வெரலால ஒவ்வொரு கட்டையா அமுக்குவா. அப்புறம் அதுவும் நின்னு போச்சு. செத்துப் போயிட்டா ட்டி. வேற எப்படிச் சொல்ல?

...

ம் கொட்ட வேண்டாம், விடு. கையக் கொடு இங்கன.

அப்புறம், பெட்டிய ஒரு தலாணி உறைக்குள்ள போட்டு அலமாரில வச்சாச்சு. டேப்பையும் வச்சாச்சு. ஆனா அவ ஃபோன மட்டும் அக்காக்காரி யாருக்கும் தெரியாம எடுத்துக்கிட்டா. அதத் தொறக்குததுக்குத் திரைல வெரலால ஒரு கோலம் போடணும், அது தங்கச்சிக்கு மட்டுந்தான் தெரியும். தொறக்க முடியாத ஃபோன என்னத்துக்கு வச்சிருக்கான்னு கேப்ப. சார்ஜ் போட்டு, சிம்முக்குக் காசு போட்டு, சுருக்குப் பைக்குள்ள வச்சு இடுப்புலயே முடிஞ்சு வச்சிருந்தா. தெனம் சாயங்காலம் மீன் கூடையக் கழுவிக் கவுத்திட்டு, தன் பட்டன் ஃபோன்ல இருந்து அந்த நம்பருக்கு அடிப்பா. இடுப்புல ர்ர்ர்ர்னு அதிரும். எடுத்துப் பாத்தா, அதுல "அக்கா"ன்னு எழுதி வரும். அவ்வளவுதான். அவள அக்கான்னு சொல்லுததுக்கு இந்த ஒலகத்துல வேற ஆளு கெடையாது. அதுக்குத்தான் ஒரு வருசமா சார்ஜ் போட்டா.

"நீங்களா?"

கதைல வர்ற அக்காக்காரி.

"...ம்."

அப்போ வருசப் பூசை வந்துச்சு. மகக்காரி சொல்லிட்டா, "அன்னைக்குக் கோயில்ல அம்மாதான் பாடணும். நான் அமுக்குவேன், அம்மா பாடும்"னு. புள்ள ஒண்ணே ஒண்ணு கேக்கு, குடுக்காம இருக்க முடியுமா? தலாணி உறையப் பிரிச்சாச்சு. வயரு சொருகுத ஓட்டையப் பாத்தா உப்புக் காத்துல துருப்பிடிச்சுப் போயிருக்கு. வயரே உள்ள போகல. சரி, ப்ளூடூத்து இருக்குல்லான்னு புது பென்சில் பேட்டரி போட்டா, நீல விளக்கு எரியுது. டேப்ப எடுத்துத் தேடுனா, சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு, பெட்டி பேரே வரல. டேப்ப அணைச்சுப் போட்டாவ. பெட்டிய அணைச்சுப் போட்டாவ. ஊஹூம். அக்காக்காரி பக்கத்துல உக்காந்து, "நாசமாப் போற பெட்டி"ன்னு பெட்டியத் திட்டிக்கிட்டு இருக்கா. இடுப்புல ஃபோனு.

அது மொதத் தடவை.

"ம்."

அப்புறம் பஸ் ஏறி டவுன்ல ஒரு கடைக்குப் போனாவ. கடைக்காரரு பெட்டியத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. வேற ஒரு டேப்புல போட்டுப் பாத்தாரு, அதுலயும் வரல. அப்போ அவரு சொன்னாரு, "சில நேரம் இது வேற ஃபோன்ல ஒட்டிக்கிடும். இங்கன இருக்கவங்க எல்லாரும் ஃபோன அணைங்க"ன்னு. எல்லாரும் அணைச்சாவ. அக்காக்காரி என்ன செஞ்சா? தன் பட்டன் ஃபோன எடுத்து எல்லாரும் பாக்க அணைச்சா. இடுப்புல இருந்தத எடுக்கல.

"ஏன்?"

வெக்கம் ட்டி. செத்தவ ஃபோன முடிஞ்சு வச்சுக்கிட்டு அலையுதா, கிறுக்குப் பிடிச்சிருக்குன்னு சொல்லுவாவன்னு. அப்புறம் பயம். தொறக்கத் தெரியாத ஃபோன், அணைச்சா திரும்ப எந்திக்குமோ என்னமோ. நாளைக்கு நம்பருக்கு அடிச்சா, எவளோ ஒருத்தி வந்து, ஃபோன் அணைஞ்சுருக்குன்னு சொல்லுவாளே. அத எப்படிக் கேக்க? நம்ம ஃபோனால இருக்காதுன்னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டா. கடைக்காரரு கைய விரிச்சிட்டாரு. பஸ்ல வரும்போது அந்தப் புள்ள பெட்டிய மடில வச்சுக்கிட்டு ஊமைக் கட்டைய டக்கு டக்குன்னு அமுக்கிக்கிட்டே வந்துச்சு. அக்காக்காரி சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

அது ரெண்டாவது தடவை.

"ம்."

அப்புறம் பூசை நாளு. காலைல கோயில்ல, பூசை ஆரம்பிக்கப் பத்து நிமிசம் இருக்கு. பாட்டு மாஸ்டரு கில்பட்டு, "குடு, கடைசியா ஒருக்காப் பாப்போம்"னு பெட்டிய வாங்குனாவ. அணைச்சுப் போட்டாவ. நீல விளக்கு மினுக்கு மினுக்குன்னு ரெண்டே தடவ மினுக்கிட்டு, அந்தானைக்கு நெலையா நின்னுட்டு. மாஸ்டரு நெத்தியச் சுளிச்சுக்கிட்டு, "தேடல பாருங்க இது. சேந்து நிக்குது. கடைசியா யாரு கூட இருந்துச்சோ, அந்த ஆளு இந்தக் கோயிலுக்குள்ளதான் இருக்கு"ன்னாவ.

என் கை இடுப்புப் பைக்குத்தான் போச்சு. பை இருக்குத எடம் சுட்டுச்சு. ஒரு வருசமா அந்தப் பெட்டியும் என்னைய மாதிரித்தான் இருந்திருக்கு, வேற யாரையும் வேண்டாம்னுட்டு அவ ஃபோனையே பிடிச்சிக்கிட்டு.

ஆமா, நாந்தான். போட்டும் கதை.

நீ அப்போ என்னையப் பாத்த. பெரியம்மா ஏதாச்சும் செய்யுங்கன்னு ஒன் கண்ணுல இருந்துச்சு. நான் எந்திச்சேன். மணி அடிக்கப் போகுது, சனமெல்லாம் பாக்கு, நான் விறுவிறுன்னு நடந்து வெளிய போயிட்டேன். தங்கச்சி வருசப் பூசைக்கு நிக்காமப் போறா பாருன்னு பக்கத்து வீட்டு ரோஸ்மேரி அக்கா சத்தமாவே சொன்னா, கேட்டுச்சு. நீயும் கேட்டுருப்ப.

"நீங்க திரும்பியே பாக்கல."

திரும்பிப் பாத்தா உக்காந்துருவேன் மக்ளே. எம்புட்டு தூரம் போனா பெட்டி அந்த ஃபோனு கைய விடும்னு எனக்கு என்ன தெரியும்? கொடிமரம் தாண்டுனேன், போதுமோ என்னமோன்னு மண்ணுல எறங்குனேன். வள்ளம் எல்லாம் ஏத்தி வச்சிருக்குத எடத்துக்கும் அங்கிட்டு, தண்ணி கால்ல படுத வரைக்கும் போயிட்டேன். பின்னால காத்து ஊ ஊன்னு அடிக்கி. எவனோ ஒருத்தன் எஞ்சின வேற ரிப்பேரு பாக்கான், டட்டட்டட்டட்டுன்னு. கோயில் மைக்கு உள்ளுக்கு மட்டுந்தான். ஒரு சத்தம் கேக்கல டெல்பின். நல்லாக் காதக் குடுத்துப் பாத்தேன். அவ பாடுதாளா, இல்ல இன்னும் ஊமையாத்தான் இருக்காளா, ஒண்ணும் தெரியல. அதனால இந்தக் கதைல இந்த எடம் எனக்குத் தெரியாது.

...

"நீங்க போன பெறகு விளக்கு திரும்ப மினுக்குச்சு."

ம்.

"நெறைய நேரம் மினுக்குச்சு. அப்புறம் டேப்புல பேரு வந்துச்சு. மாஸ்டரு தொட்டாவ. விளக்கு நின்னுச்சு. நான் ஒரு கட்டைய அமுக்குனேன். அம்மா ஆன்னுச்சு."

ம்.

"எல்லாரும் அழுதாவ. ரோஸ்மேரி அத்தையும். நான் முழுப் பாட்டும் வாசிச்சேன். முடிச்சிட்டுப் பாத்தேன், ஒங்க எடத்துல யாருமே இல்ல."

ம்... இரு, மூக்கச் சிந்திக்கிடுதேன்.

"அந்த ஃபோன யார்ட்டயாவது குடுத்துட்டு வந்திருக்கலாம்லா? இல்ல மண்ணுல வச்சிட்டு வந்திருக்கலாம்லா?"

வச்சிருக்கலாம். கூறு கெட்ட மூதி நான், எனக்குக் கை வரல. ஒன் பாட்ட விட எனக்கு அது பெருசாப் போச்சுன்னு நெனைக்காத. விட்டுட்டா அவளத் தனியா விட்டுட்டு வந்த மாதிரி இருக்கும்னு பிடிச்சிக்கிட்டே நின்னேன். அங்கனயே நின்னு ஒருக்கா அடிச்சும் பாத்தேன். ர்ர்ர்ர்னு அதிந்துச்சு, அக்கான்னு வந்துச்சு. உள்ள அவ நெசமாவே பாடிக்கிட்டு இருந்திருக்கா, நான் வெளிய நின்னுக்கிட்டு அவ எடுக்க மாட்டாத ஃபோனுக்கு அடிச்சிக்கிட்டு இருந்திருக்கேன். இப்ப நீ சொல்லித்தான் தெரியுது.

"இப்ப அது எங்க?"

இந்தா, பைக்குள்ளதான் இருக்கு, தொட்டுப் பாரு. நாலு நாளா நான் சார்ஜ் போடல. தெனம் கை போகும், பிடிச்சு வச்சுக்கிட்டேன். இன்னைக்கு மத்தியானம் அடிச்சேன். அந்தப் பொம்பள வந்துட்டா. அணைஞ்சுருக்குன்னு சொன்னா. ரெண்டு தடவ சொன்னா. கேட்டுட்டு உக்காந்திருந்தேன், அடுப்புல சோறு அடி பிடிச்சிட்டு. ராத்திரி தீஞ்ச வாடை அடிக்குதுன்னு மொகத்தச் சுளிச்சியே, அது அதுதான்.

அதனால இனிமே பெட்டி ஒன் டேப்புகூட மட்டுந்தான் சேரும். நாளைக்கு ஞாயித்துக்கெழமைதான். காலைல, எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டுவியா? அவ தொண்டைய நான் கேட்டு ஒரு வருசம் ஆச்சுட்டி.

...

டெல்பின்?

...

தூங்கிட்டா. ம் கொட்டக் கூட இல்ல. சரி, தூங்கு தங்கம், தூங்கு. பெரியம்மா காலைல திரும்பக் கேக்குதேன்.

"பெரியம்மா."

என்னட்டி, தூங்கலையா?

"கடைசிக் கட்டைல அம்மா இருமும். அதையும் வாசிக்கணுமா?"

வாசி மக்ளே. அதத்தான் மொத அமுக்கணும். அவ இருமுனா முதுகத் தடவி விடுதவ நாந்தானே.

ம், கதை ஆச்சு, ஒன் கோவமும் ஆச்சு. இந்தப் பக்கமாத் திரும்பிப் படு. கண்ண மூடு.