புனுகு மணந்த சாக்கடை

கருவேலங்காட்டு நடுவுல ஒரு குளம். அதுல செவந்தின்னு ஒரு முக்குளிப்பான் பறவை. கையடக்க உருவம், முதுகுல ரெண்டு குஞ்சு, மண்டை பூரா சந்தேகம். மழை பேஞ்சா கூட 'மேலருந்து யாரு ஊத்துறா?'ன்னு அண்ணாந்து பாக்குற ஆளு.

காட்டோட மொத்தக் கழிவும் ஒரே ஓடையா வந்து அந்தக் குளத்துலதான் விழும். பன்னி பொரண்ட சேறு, யானைச் சாணி, நரி தின்னு போட்ட மிச்சம் எல்லாம். மீனு செத்து மெதந்துச்சு. குஞ்சுங்களுக்கு இரையே இல்ல.

மனு மேல மனு போட்டு, கடைசில சிங்கராஜா நிதி ஒதுக்குனாரு. இருநூறு தேனடை! கூழாங்கல்லு, மணலு, கரி, மூணும் அடுக்குன தொட்டி கட்டணும். சாக்கடை அதுல வடிஞ்சு, சுத்தமாகி, குளத்துக்கு வரணும். ஆனா ஒரு குளத்துக்கு ஒரு தடவதான் நிதி. வேல முடிஞ்சுதுன்னு இன்ஜினியர் கரடி கையெழுத்து போட்டுட்டா, அப்புறம் ஒரு சொட்டுத் தேன் வராது.

கான்ட்ராக்ட் எடுத்தது புனுகுப்பூனை. பத்தே நாள்ல தொட்டி ரெடி!

செவந்தி அதே குளத்து ஆமைகிட்ட கேட்டுச்சு: "ஆமண்ணே, அந்தத் தொட்டிக்குள்ள ஒரு கூழாங்கல்லாவது போனத பாத்தீங்களா?"

"எங்க பாக்குறது? சுத்தி ஓலைத் தட்டி கட்டி மறைச்சில்ல வேல பாத்தாங்க."

"எதுக்கு மறைச்சாங்களாம்?"

"கண்ணு பட்டுருமாம்."

"சாக்கடைக்கு யாருண்ணே கண்ணு வெக்கப் போறா?"

"அம்மாடி, ஆளை விடு! கவர்மென்ட்டு வேல. பெரியவங்க பாத்துப்பாங்க."

"அவங்க எதப் பாப்பாங்கன்னுதான் எனக்கு பயமே!"

திறப்பு விழா அன்னைக்கு தோரணம், மேளம், கூட்டம். தொட்டி வாயில ஒரு மூங்கில் குழாய். அதுலருந்து தண்ணி சொட்டுச்சு. காட்டுச் சட்டப்படி பரிசோதனைன்னா மூக்குதான். கரடி குனிஞ்சு ஒரு இழுப்பு இழுத்துச்சு.

"ஆஹா! கோயிலுக்குள்ள நொழைஞ்ச மாதிரில்ல மணக்குது!"

எல்லாரும் கைதட்டுனாங்க. செவந்தி மட்டும், "சார், ஒரு சந்தேகம்"னுச்சு.

"தோ, வந்துட்டாங்க சந்தேகக் கடை ஓனரம்மா!"ன்னு புனுகுப்பூனை சிரிச்சுது.

"நாத்தம் போயிருச்சு, சரி. மணம் எங்கருந்து சார் வந்துச்சு? நல்ல தண்ணிக்கு ஏது மணம்?"

"குளிச்சுட்டு வந்த புள்ள மணக்காதா?"ன்னுச்சு பூனை.

"மணக்கும். சோப்பு போட்டது யாருன்னுதான் கேக்குறேன்!"

கரடிக்கு எரிச்சல். "இந்தாம்மா, எனக்கு இன்னும் நாலு திறப்பு விழா இருக்கு. இலையக் குடுப்பா, கையெழுத்து போட்டுட்டுக் கெளம்புறேன்."

"அட, சாப்பிடாமயா? தொட்டி மேலயே பந்தி போட்ருக்கோம் சார். தேன தொட்டுக்கிட்டு நிதானமா கையெழுத்து போடுங்க!"ன்னு பூனை குழைஞ்சுச்சு.

சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும்தான் நேரம். செவந்தி குஞ்சுங்கள ஆமை முதுகுல எறக்கி விட்டுட்டு, 'பொளக்'னு முங்குச்சு.

தாமரை இலைக்கு அடியில இன்னொரு மூங்கில் குழாய்! பருத்த குழாய். அதுலருந்து கருகருன்னு சாக்கடை பொங்கிக்கிட்டு இருந்துச்சு. தொட்டிக்குள்ள தங்காம, அடியிலேயே ஓடி, நேரா குளத்துக்கு!

இதப் போய்ச் சொன்னா யாரு நம்புவா? கரடி பந்திய விட்டு எந்திரிச்சு முங்கிப் பாக்குமா? செவந்தி பாசியையும் கோரையையும் கொத்துக் கொத்தா அள்ளுச்சு. முங்குச்சு, திணிச்சுச்சு. திரும்ப முங்குச்சு, திணிச்சுச்சு. மூச்சு முட்டி, கண்ணு இருட்டுற நேரத்துல குழாய் அடைஞ்சுபோச்சு.

மேல பூனை பேசிக்கிட்டு இருந்துச்சு. "இந்தத் தொட்டி நூறு வருஷம் நிக்கும்! அதுக்கு நான்..."

போக வழியில்லாத சாக்கடை அடியிலருந்து குபீர்னு பொங்குச்சு. தொட்டி வாய மூடி மூங்கில் மேல விரிச்சிருந்த ஓலை பிச்சுக்கிச்சு. பந்தி, தேனு, கரடி, பூனை எல்லாம் ஒண்ணா உள்ள விழுந்துச்சு!

"யோவ்! என்னய்யா இது?" கழுத்தளவு சாக்கடையில நின்னு கத்துச்சு கரடி.

செவந்தி குளத்துலருந்து தலைய நீட்டுச்சு. "நல்லா மோந்து பாருங்க சார்! கோயில் மணம் வருதா?"

தொட்டிக்குள்ள கல்லும் இல்ல, மணலும் இல்ல, கரியும் இல்ல. குழாய்க்குப் பின்னால ஒரு பானை ஊத்துத் தண்ணியும், பூனை தன் புனுகுல நனைச்சு வெச்ச இலவம்பஞ்சும்தான் இருந்துச்சு. கரடி கையெழுத்து போட வேண்டிய இலையக் கிழிச்சு எறிஞ்சுது. பூனை ஓடி ஒளிஞ்சுச்சு. ஆனா அன்னைக்கு அது மேல அடிச்ச நாத்தத்துக்கு, கண்டுபிடிக்க மூக்கே தேவைப்படல.

பதுக்குன தேனடை எல்லாம் திரும்ப வந்துச்சு. மறுபடி வேல ஆரம்பிச்சுது. இந்தத் தடவ தட்டி கெடையாது, நட்ட நடு வெயில்ல, எல்லார் கண்ணு முன்னாடியும். தொட்டி விளிம்புல செவந்தி உக்காந்துக்கிச்சு.

"ஏய், அது கல்லா, காஞ்ச சாணியா? ஒடச்சுக் காட்டு!"

ஆமை மெதுவா பக்கத்துல வந்து கேட்டுச்சு: "நானும் கொஞ்சம் பாக்கட்டுமா தாயி?"

ஊர்ப் பணத்துல கட்டுன எதுக்கும் மேல வர்ற வாசனைய நம்பிக் கைதட்டாதீங்க, அடியில என்ன ஓடுதுன்னு பாத்துட்டுத் தட்டுங்க.