ஆமாம் ஐயா

பெரு நாட்டின் ஒரு மலையூர் நீதிமன்றத்தில், மாடு திருடியதாகக் கிழவர் இலாரியோவை நிறுத்தினார்கள். அவர் பேசுவது கெச்சுவா. நீதிபதிக்கு ஸ்பானிஷைத் தவிர மற்றதெல்லாம் வெறும் இரைச்சல்.

"திருடினாயா?"

"ஆமாம் ஐயா." பெரிய மனிதர் எது கேட்டாலும் அதுதான் மரியாதை, கிழவருக்குத் தெரிந்த ஸ்பானிஷும் அவ்வளவுதான்.

"நன்றாகத்தானே புரிகிறது! மொழிபெயர்ப்பாளர் எதற்கு? மூன்று வருஷம் சிறை!"

தரை துடைத்துக்கொண்டிருந்த சதுர்னினா நிமிர்ந்தாள். "மாட்டை நீங்கள் திருடினீர்களா என்றும் கேட்டுப்பாருங்களேன், ஐயா."

நீதிபதி வீம்புக்குக் கேட்டார். "நான் திருடினேனா?"

"ஆமாம் ஐயா" என்றார் கிழவர், பணிவாக.

சபையே சிரித்தது. வேறு வழியில்லாமல் மொழிபெயர்ப்பாளரை வரவழைக்க உத்தரவிட்ட நீதிபதி, அவளிடம் சீறினார். "அவன் பாஷை உனக்குத் தெரியுமா? பன்னிரண்டு வருஷமாக இங்கே வேலை செய்கிறாயே, ஏன் சொல்லவில்லை?"

"அந்தப் பாஷை தெரியாது என்று சொன்னதால்தானே ஐயா, எனக்கு வேலை கொடுத்தீர்கள்?"

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இதே இடத்தில் இப்படித் தலையாட்டிவிட்டுச் சிறைக்குப் போனவர்கள் எத்தனை பேர்! அப்போதெல்லாம் அவளும் குனிந்து தரையைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள்.