தெய்வானையின் குரல் கிடந்த டிஸ்க்

“செத்துப்போச்சு ஆசானே! ரெண்டுமே செத்துப்போச்சு!”

தோளிலிருந்த கம்ப்யூட்டர் பெட்டியை இறக்கிவைக்காமலேயே மாசிலாமணி அலறினான்.

தும்பிமலை உச்சியில் ஒரே ஒரு குடிசை. கூரைமேல் சோலார் பலகை. உள்ளே செங்கமலம். படுத்துவிட்ட கம்ப்யூட்டர் பெட்டிகளை எழுப்பிவிடுவதால் அடிவாரத்து ஜனங்கள் அவளுக்கு வைத்த பெயர் பெட்டிச் சித்தர். மாசிலாமணியைவிடப் பத்து வயது சின்னவள். அவனுக்கு அவள் ஆசான். அவளுக்கு அவன் அண்ணன்.

“மூச்சு விடுங்கண்ணே. எது செத்துச்சு?”

“ஹார்ட் டிஸ்க். இடி விழுந்து மதர்போர்டு கருகிடுச்சு. புது போர்டு போட்டேன். அதுமேலயே ஒரு ஸ்லாட்டு இருந்துச்சு, புதுசா ஒரு குட்டி எஸ்.எஸ்.டி. டிஸ்க் வாங்கி அதுல மாட்டினேன். பழைய டிஸ்க் ரெண்டையும் மூலை சாக்கெட்டுல செருகினேன், கைக்கு எட்டுற மாதிரி. பெட்டி ஓடுது. ஆனா குட்டிப்பயலை மட்டும்தான் காட்டுது. பழசு ரெண்டும் இருக்கிறதாவே ஒத்துக்க மாட்டேங்குது!”

“ஒயரை மாத்திப் பாத்தீங்களா?”

“மாத்தினேன். பவர் ஒயரையும் மாத்தினேன். கற்பூரம்கூடக் காட்டினேன்.”

“அது எந்தச் சாக்கெட்டுல?”

அவன் சிரிக்கவில்லை. பின்னால் மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்த மனைவி தெய்வானையைத் திரும்பிப் பார்த்தான். அவள் கழுத்தில் ஆபரேஷன் தழும்பு. தொண்டையிலிருந்த கட்டியை எடுத்த டாக்டர்களால் குரலை மிச்சம் வைக்க முடியவில்லை.

“மகளுக்கு இவ சொன்ன கதை அத்தனையும் அதுலதான் இருக்கு. ஒண்ணு போனா ஒண்ணு இருக்கட்டும்னு ரெண்டுலயும் ஏத்தி வச்சேன். என்ன புத்திசாலித்தனம் பாருங்க.”

சொல்லிக்கொண்டே பெட்டியை இறக்கிவைத்து, ஒரு டிஸ்க்கைக் கழற்றி, ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

“என்ன செய்யப் போறீங்க?”

“திறந்து பாக்கப் போறேன்.”

“ஒரு தூசி போதும். நிஜமாவே செத்துடும்.”

ஸ்க்ரூடிரைவர் அந்தரத்தில் நின்றது.

செங்கமலம் டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, தன் திரையையும் ஸ்பீக்கரையும் இணைத்து, முற்றத்திலேயே பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தாள். அவன் விரலைப் பிடித்து டிஸ்க்கின் முதுகில் வைத்தாள்.

உர்ர்ர்ர்.

“செத்தது சுத்துமா?”

“அப்புறம் ஏன் ஆசானே கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது?”

“தாகமா இருக்கு” என்றாள் செங்கமலம். “அண்ணி, உள்ள பானையில தண்ணி இருக்கு.”

தெய்வானை செம்பு எடுக்க உள்ளே போனாள். அவள் தலை மறைந்ததும் செங்கமலம் எழுந்துபோய் வாசற்படியில் உட்கார்ந்தாள். நிலையின் ஒரு பக்கம் முதுகு, மறு பக்கம் பாதம். ஓர் எறும்புக்குக்கூட வழியில்லை.

தெய்வானை செம்போடு வந்தாள். நின்றாள். விரலைச் சொடுக்கினாள். வளையலைக் குலுக்கினாள்.

செங்கமலம் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆசானே, பின்னாடி அவ நிக்கிறா.”

“யாரு? எனக்கு யாரும் தெரியலையே.”

“வழியை மறிச்சு உக்காந்துக்கிட்டு யாருன்னா எப்படி? வாயைத் திறந்து சொல்லவும் அவளால முடியாது!”

“நல்ல காத்துண்ணே இங்க. இப்பத்தான் வந்து உக்காந்தேன். எழுந்திருக்க மனசே வரல.”

தெய்வானை இருவரையும் ஒரு முறை முறைத்தாள். விருட்டென்று திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் கொல்லைக்கதவு கிறீச்சிட்டது. குடிசையைச் சுற்றிக்கொண்டு வந்து, அவன் முன்னால் செம்பை வைத்தாள்.

ணங்!

மாசிலாமணி வாசலில் இருந்தவளைப் பார்த்தான். செம்பைப் பார்த்தான். பிறகு பெட்டிக்குள் பார்த்தான். ஸ்லாட்டில் குட்டி எஸ்.எஸ்.டி. காலை நீட்டிப் படுத்திருந்தது.

“ஆசானே… இவன் இங்க உக்காந்தா… அந்த மூலை சாக்கெட் ரெண்டும்…”

“அடைஞ்சிடும். சில போர்டு அப்படித்தான். இந்த ஸ்லாட்டுக்கும் மூலை சாக்கெட்டுக்கும் உள்ள ஒரே பாதை.”

அவன் பெட்டியை அணைத்தான். பழைய டிஸ்க்குகளின் ஒயரை மூலையிலிருந்து பிடுங்கி, எதிர்ப்பக்கச் சாக்கெட்டுகளில் செருகினான். பொத்தானை அமுக்கினான்.

திரையில் ஒரு டிஸ்க்கின் பெயர்.

இரண்டு.

மூன்று.

அவன் ஒரு கதையைத் திறந்தான்.

ஸ்பீக்கரில் ஒரு நரி தொண்டையைச் செருமியது. “ராஜாவே, கிரீடம் கொஞ்சம் கோணலா இருக்கு” என்றது. ராஜா உறுமினார். கிளி குறுக்கே பேசித் திட்டு வாங்கியது. ஒரு பாட்டி தும்மினாள். அத்தனை பேரும் ஒரே ஒருத்தி.

செங்கமலம் எழுந்து நின்றாள். எப்போது கைகூப்பினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

தெய்வானையின் உதடுகள் சத்தமில்லாமல் கூடவே அசைந்துகொண்டிருந்தன.

சட்டென்று நரி பாதியில் நின்றது. அதே பதிவில் தெய்வானையின் சொந்தக் குரல் கிளம்பியது.

“ஏங்க! குக்கர் எத்தனை விசில்தான் அடிக்கும்? காதுல பஞ்சா வச்சிருக்கீங்க? அடுப்பை அணைங்க!”

“இதோ, இதோ போறேன்மா” என்று மாசிலாமணி எழுந்து குடிசைக்குள் ஓடினான்.