கண்ணுக்குப் பிசின் வைத்த ஆந்தை

பறவையும் பாம்பும் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், ஆந்தைக்கும் நம்மைப் போல உருளுகிற கண்தான். பகலெல்லாம் வெளியேதான் சுற்றும்.

பறவைகளுக்குள் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. தரையில் கூடு வைத்தவள் தண்ணீர் குடிக்கப் போனால், இன்னொருத்தி பாம்புப் புற்றின் வாயையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்வை படுகிறவரை பாம்பு வெளியே வராது.

ஒரு கோடையில் தினைக்காட்டு ஓரத்தில் கௌதாரி அடைகாத்தது. தாகம் தாங்கவில்லை.

"ஆந்தையக்கா, ஓடைவரைக்கும் போயிட்டு வந்துடுறேன். புத்தைக் கொஞ்சம் பார்த்துக்கிறீங்களா?"

"போயிட்டு வா தாயி. என் கண்ணுக்குத் தப்பி ஒரு எறும்பு வந்துடுமா?"

வேலமரக் கிளையிலிருந்து ஆந்தை இமை கொட்டாமல் பார்த்தது. கௌதாரி ஓடையில் அலகை நனைத்திருக்கும். அந்த நேரம் பார்த்து, கிளி விரட்டப் பரண்மேல் நின்றவன் முரசில் ஓங்கி ஒரு போடு போட்டான். டமார்!

ஆந்தையின் கண் துள்ளிப் பரண் பக்கம் ஓடியது. அதுவாக ஓட்டவில்லை, கண்தான் ஓடியது. உடனே திரும்பியும் விட்டது. புற்று வாய் சும்மா கிடந்தது. அப்பாடா என்று இருந்தது ஆந்தைக்கு.

கௌதாரி வந்தபோது கூட்டில் முட்டை ஓடுகூட இல்லை. குழியில் சூடும், பக்கத்தில் பாம்பு ஊர்ந்த தடமும்தான் இருந்தன.

"பெரிய சத்தம் தாயி..." என்றது ஆந்தை.

மேல்கிளைக் காக்கை விடுமா? "சத்தம் கேட்டது காதுக்கு. கண்ணு எதுக்கம்மா எட்டிப் பார்க்கப் போச்சு? வேடிக்கை பார்க்கவா?"

மற்றப் பறவைகள் சிரித்தன. கௌதாரி சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. அதைத்தான் ஆந்தையால் தாங்க முடியவில்லை. வேலமரத்தில் வடிந்த பிசினை எடுத்து இரண்டு கண்ணையும் சுற்றி அப்பிக்கொண்டது. எரிந்தது. காய்ந்ததும் கண் அசையவே இல்லை.

"இங்கே பாரு தாயி. இனி இடி விழுந்தாலும் இது ஓடாது. அடுத்த முட்டைக்கு நானே காவல் இருக்கேன்."

கௌதாரி நிமிர்ந்து அந்தக் கண்களைப் பார்த்தது.

"வேண்டாம்க்கா. நானே பார்த்துக்கிறேன்."

அன்று முதல்தான் ஆந்தைக்குக் கண் உருளுவதில்லை, எதைப் பார்க்கவும் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கிறது. பகலில் பிறர் முகத்தில் விழிக்கக் கூசிப் பொந்துக்குள் இருக்கிறது. முதன்முதல் அது கழுத்தைத் திருப்பியது கௌதாரியைப் பார்க்கத்தான். முதுகுப்பக்கம்வரை திருப்பிப் பார்த்தது. தினைத்தாள்களுக்கு நடுவே கௌதாரி திரும்பிப் பாராமல் நடந்து போய்விட்டது.