கால் தரையில் படாமல்

எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஒரு ட்ரயல்ஸ் பைக் வந்து இறங்கியது. பாறையிலும் பள்ளத்திலும் கால் ஊன்றாமல் ஓட்டிக் காட்டுகிற போட்டிக்கான வண்டி. அதை ஆண்கள் விடுதிக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மாணவர் கூட்டத்தில் எழுந்துவிட்டேன். நான் சட்டம் படிக்கிறவள். மைக்கைப் பிடுங்கும் வரை பேசினேன். கடைசியில், ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குப் பின்னால் இருக்கும் பாறைகளில் ஒருத்தி கால் படாமல் ஓட்டிக் காட்டினால் வண்டி மகளிர் விடுதிக்கு, இல்லாவிட்டால் பையன்களுக்கு என்று முடிவானது.

வாதத்தில் ஜெயித்து வெளியே வந்த பிறகுதான், எங்களில் யாருக்கும் சைக்கிளே சரியாக வராது என்பது ஞாபகத்துக்கு வந்தது. எங்களில் என்றால் உலகம்மையாகிய நான், என் அறைத்தோழிகள் ஜெபமலர், தாஹிரா.

வண்டியில் சீட் இல்லை. பெண்களுக்கென்றால் சீட்டைக் கழற்றிக்கொண்டு கொடுப்பீர்களா என்று செக்யூரிட்டியிடம் சண்டைக்குப் போனேன். பயிற்சி கொடுக்க வந்த அல்போன்ஸ் சார், இந்த வண்டிக்கு சீட்டே கிடையாது, நின்றுகொண்டு பழகுங்கள் என்றார். பழகினோம். வகுப்பில் நின்றோம், மெஸ்ஸில் நின்றபடி சாம்பார் ஊற்றிக்கொண்டோம். வண்டியில் மட்டும் நிற்க வரவில்லை.

டயரில் காற்றைக் குறைத்தால் பாறையை நன்றாகப் பிடிக்கும் என்றார். குறைப்பது நல்லதென்றால் முழுக்கக் குறைப்பது முழுக்க நல்லதுதானே என்று வாதிட்டேன். எதிர்த்துப் பேச ஆள் இல்லை. டயரில் காற்றும் இல்லை.

கிளட்சை ஒரே விரலால் பிடிக்கச் சொன்னார்.

"எந்த விரல்னு சொல்லலியேட்டி," என்றாள் ஜெபமலர்.

"மோதிர விரல்தான். நல்ல காரியத்துக்கெல்லாம் அதுதான் முன்னால நிக்கும்," என்றாள் தாஹிரா.

இதுவரை வாய்ப்பே கிடைக்காத சுண்டு விரலுக்காக நான் வாதாடினேன். ஜெயித்தேன். சுண்டு விரலில் இப்போது மாவுக்கட்டு.

எங்கே போக வேண்டுமோ அங்கே பார் என்றார். தாஹிரா நேர்மையானவள், கேன்டீனைப் பார்த்தாள். வண்டி வடைச்சட்டிக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றது. சார் அன்றைக்கு வேறு எதுவும் சொல்லித்தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. எல்லைக்குக் கொடி நட்ட பாறைகளைச் சுற்றிப் பையன்கள் கூடிவிட்டார்கள். நான் ஏறினேன். முதல் பாறையில் வண்டி எப்படியோ ஏறிவிட்டது. அடுத்ததில் அது சாய்ந்தது, மரியாதைக்கு நானும் சாய்ந்தேன். முதுகு பாறையில், வண்டி என் மேல், கால் இரண்டும் ஆகாயத்தில்.

"எந்திரிம்மா, போச்சு," என்றார் சார்.

"என்ன போச்சு? என் கால் பட்டுச்சா சார்?"

"முதுகு பட்டிருக்கே."

"முதுகைப் பத்திப் பேச்சே இல்லையே சார்."

சார் தலையைச் சொறிந்தார். மிச்சப் பாறையை யார் ஏறுவது என்று கேட்டார். உடனே எங்கள் விடுதிப் பெண்கள் கூட்டமாக ஓடிவந்து, வண்டியையும் என்னையும் கிடந்த கோலத்திலேயே தூக்கிக்கொண்டு கடைசிக் கொடியைத் தாண்டினார்கள்.

"உங்க காலெல்லாம் தரையிலதானேம்மா இருக்கு?"

"அதுக்கு எங்களுக்கு அபராதப் புள்ளி போடுங்க சார்," என்றாள் தாஹிரா. "நாங்கதான் போட்டியிலயே இல்லையே."

சார் பாறையில் உட்கார்ந்துவிட்டார். பையன்கள் விடவில்லை, என்றைக்காவது அவள் கால் தரையில் படத்தானே செய்யும் என்றார்கள்.

"படும்போது பாத்துக்கலாம். அதுவரைக்கும் வண்டி இவங்களுக்கு," என்று சொல்லிவிட்டு, சார் ஊருக்கு பஸ் ஏறிவிட்டார்.

ஆகவே வண்டி எங்களுடையது. கீழே ஜெபமலரும் மற்றப் பெண்களும் மாற்றி மாற்றி வட்டமடிக்கிற சத்தம் கேட்கிறது. நான் மாடியில் கட்டிலில் படுத்து, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு எங்கள் உரிமையைக் காத்து வருகிறேன். எதிர்மாடியில் பையன்கள் முறைவைத்து என் காலைக் கண்காணிக்கிறார்கள்.

நாளைக்கு எனக்குத் தேர்வு. நாற்காலியோடு தூக்கிப் போவதா, கட்டிலோடா என்று வராந்தாவில் விவாதம் நடக்கிறது. நாற்காலி என்றால் கால் தொங்கும், ஆகவே கட்டில்தான் என்று படுத்தபடியே நிரூபித்துவிட்டேன். தேர்வறையின் வாசல் கட்டிலைவிடக் குறுகலானதாம். சுவரை இடிக்க அனுமதி கேட்கத் தாஹிரா போயிருக்கிறாள்.